கரிபு மானும் அதன் வடக்குக் காடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில் இருக்கும் எவருடைய சட்டைப்பையிலும் ஒரு கரிபு இருக்கும். 25 சென்ட் நாணயத்தைத் திருப்பிப் பாருங்கள். பெரிய கொம்புகளோடு மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு தலை தெரிகிறதே, அதுதான். 1937-இலிருந்து நாணயத்தில் இருக்கிறது. பலர் அதை மூஸ் என்ற பெரிய மான் என்று நினைத்துக்கொண்டே கடையில் சில்லறை கொடுக்கிறார்கள். டொராண்டோ பக்கம் இருக்கும் நண்பர்களும், ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் சொந்தக்காரர்களும் இந்த விலங்கைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை. விஷயம் அப்படி.

கரிபுவும் ரெயின்டீரும் வேறு வேறா?

ஒரே இனம்தான். ஐரோப்பாவின் வடக்கிலும் சைபீரியாவிலும் இருப்பதை ரெயின்டீர் என்கிறார்கள். அங்கே மனிதர்கள் அதைப் பழக்கி மந்தையாகவும் வளர்க்கிறார்கள். வட அமெரிக்கக் காடுகளில் தன்போக்கில் திரிவது கரிபு. மிக்மாக் பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்த பெயர் அது. பனியைக் காலால் தோண்டுவது என்று பொருள்.

மான் குடும்பத்திலேயே பெண்ணுக்கும் கொம்பு முளைப்பது இந்த ஓர் இனத்தில்தான். ஆண்கள் இணைசேரும் காலம் முடிந்ததும் கொம்பை உதிர்த்துவிடும். சினையாக இருக்கும் பெண்களோ வசந்தம்வரை வைத்திருக்கும். கஷ்டப்பட்டுப் பனியைத் தோண்டி எடுத்த தீனியை இன்னொன்று வந்து பறிக்காமல் பார்த்துக்கொள்ள அது கைகொடுக்கிறது.

தொலைக்காட்சியில் ஆயிரக்கணக்கில் ஆறு கடந்து போகிறவை துந்திரா சமவெளிக் கரிபுகள். அவையும் நலமாக இல்லை. அவற்றில் பாதர்ஸ்ட் என்ற ஒரு மந்தை 1986-இல் சுமார் 4,70,000. 2018-இல் எண்ணியபோது ஏறக்குறைய 8,200. ஆனால் இந்தப் பக்கத்தில் நான் பெரும்பாலும் பேசப்போவது அதன் கூச்ச சுபாவமுள்ள உறவான காட்டுக் கரிபுவைப் பற்றி. அடர்ந்த ஊசியிலைக் காட்டிலும் சதுப்பிலும் சிறுசிறு கூட்டமாக, யார் கண்ணிலும் படாமல் வாழ்வது. மேற்கே வடமேற்குப் பிரதேசங்களிலிருந்து கிழக்கே லாப்ரடார் வரை அதன் நிலம் நீள்கிறது. 2012-இல் கனடா அரசு சொன்ன கணக்கு, மொத்தம் சுமார் 34,000.

அவ்வளவு பனியில் எதைத் தின்று உயிர் வாழ்கிறது?

லைக்கன். அது என்னவென்று யோசிக்கிறவர்கள் அடுப்பங்கரைக்குப் போய் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் தேடுங்கள். செட்டிநாட்டுக் குழம்பில் பட்டை, கிராம்போடு போடுகிற கல்பாசியும் ஒரு லைக்கன்தான். பூஞ்சையும் பாசியும் ஓருடலாகக் கூடி வாழும் உயிர். கரிபு தின்பது அதற்குத் தூரத்து உறவு. தரையில் வெளிர்பச்சையாக, பஞ்சுப்பொதி போலப் படர்ந்திருக்கும்.

சுப்பீரியர் ஏரியின் வடகரைப் பாறைகளில் அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். வெயில் காய்ந்த நாளில் தொட்டால் அப்பளம் போல நொறுங்குகிறது. மழை பெய்த மறுநாள் அதே லைக்கன் ஈரப் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கிறது. கிட்டத்தில் பார்த்தால் ஒவ்வொன்றும் இலை உதிர்ந்த குட்டி மரம். கிளை, கிளையிலிருந்து கிளை, நுனியில் ஊசிமுனை அளவு கவடு. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். அன்று என் உள்ளங்கையில் இருந்த பிடி என் பிள்ளைகளைவிட வயது கூடியதாக இருந்திருக்கும் என்று உறைத்தபோது, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

புரதம் குறைவு என்பதால் மற்ற மான்கள் இதை நம்பி வாழ முடியாது. கரிபுவால் முடியும். அதனால்தான் வேறு எந்தப் பெரிய மிருகமும் விரும்பாத முதிர்ந்த காட்டில் அது நிம்மதியாக இருந்தது. நாற்பது, அறுபது, எண்பது வருடம் யாரும் தொடாத காட்டில்தான் தரை நிறைய லைக்கன் கிடைக்கும். மேற்கு மலைகளில் பனி ஆளுயரத்துக்கு மேல் விழும் இடங்களில் தோண்ட வழியில்லை. அங்கே கரிபு அந்தப் பனியின் மேலேயே நின்றுகொண்டு, கிழட்டு மரங்களின் கிளைகளில் தாடி போலத் தொங்கும் லைக்கனைத் தின்னும்.

பனியில் புதையாமல் எப்படி நடக்கிறது?

உடம்புக்குப் பொருத்தமில்லாத அளவு அகலமான குளம்பு. கோடையில் குளம்பின் அடி மெத்தென்று இருந்து சேற்றைப் பிடிக்கும். குளிர்காலத்தில் அந்த மெத்தைப் பகுதி சுருங்கிக் கெட்டியாகி, ஓரம் கத்திபோல வெளியே நீளும். அதுவே பனிக்கட்டியில் பிடிமானம், அதுவே மண்வெட்டி. நீந்தும்போது துடுப்பும் அதுதான். மேல்தோல் உரோமம் உள்ளே காற்றறைகள் கொண்டது என்பதால் குளிர் ஏறாது, தண்ணீரில் மிதக்கவும் உதவும். நடக்கும்போது காலின் தசைநாண் எலும்பின் மேல் வழுக்கி 'டிக், டிக்' என்று சத்தம் வரும்.

காடு சரி, சதுப்பு நிலம் எதற்கு?

கன்று போட.

காட்டுக் கரிபு ஓட்டத்தை மட்டும் நம்புகிற விலங்கும் அல்ல, முட்டி மோதுகிற விலங்கும் அல்ல. யார் கண்ணிலும் படாமல் இருப்பதுதான் அதன் தற்காப்பு. மே மாதக் கடைசியில், ஜூன் தொடக்கத்தில் சினைக் கரிபுகள் கூட்டத்தை விட்டுப் பிரிந்து ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சதுப்புக்குள்ளோ ஏரித் தீவுக்கோ போய்விடும். ஒரே ஒரு கன்று. மூஸ் பல சமயம் இரட்டைக் கன்று போடும். கரிபுவுக்கு அது மிக அரிது. அந்த ஒரு கன்றைக் காப்பாற்ற அது தேர்ந்தெடுக்கும் இடம், ஓநாயும் கரடியும் வேலை மெனக்கெட்டு வராத இடம்.

அந்த இடத்தில் நடந்து பார்த்தால் ஏன் வராது என்று புரியும். கால் வைத்தால் தரை மெத்தையாக அமுங்கும். காலை எடுத்தால் பள்ளத்தில் தேநீர் நிறத்தில் தண்ணீர் ஊறும். பத்து அடி போவதற்குள் மூச்சு வாங்கும். அங்கே நிற்கும் கறுப்பு ஸ்ப்ரூஸ் மரம் என் மணிக்கட்டுப் பருமன்தான். அப்படிப்பட்ட மரத்துக்கே நூறு வயது இருக்கலாம். கீழே மட்காத பாசியும் செடியும் ஆயிரக்கணக்கான வருடமாகத் தண்ணீருக்குள் அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கின்றன. இதைத்தான் பீட் என்கிறோம். கிரீ பழங்குடி மக்களின் சொல்லிலிருந்து வந்த 'மஸ்கெக்' என்ற பெயரும் இந்த நிலத்துக்கு உண்டு.

ஹட்சன் விரிகுடாவின் தெற்கிலும் தென்மேற்கிலும் உள்ள பீட் சமவெளி உலகின் மிகப் பெரிய சதுப்புகளில் ஒன்று. அதற்குள் சுமார் 3,000 கோடி டன் கரிமம் புதைந்திருக்கிறது. வடிகால் வெட்டிக் காயவிட்டால் அது காற்றில் கலக்கத் தொடங்கும். அங்கே வாழும் கிரீ மக்கள் இதை 'மூச்சுவிடும் நிலம்' என்கிறார்கள். கரிபு கன்று போடும் இடமும் உலகம் சூடேறாமல் கரிமத்தைப் பிடித்துவைத்திருக்கும் இடமும் ஒன்றே. அதனால்தான் இந்த மானைப் பற்றிப் பேசினால் எனக்குச் சீக்கிரம் நிறுத்த வருவதில்லை.

எண்ணிக்கை ஏன் குறைகிறது? ஓநாய்தானே தின்கிறது?

கொல்வது பெரும்பாலும் ஓநாய்தான். ஆனால் ஓநாயும் கரிபுவும் ஆயிரக்கணக்கான வருடமாக ஒரே காட்டில் இருந்தவை. இப்போது மட்டும் என்ன ஆனது?

முதிர்ந்த காட்டை வெட்டுகிறோம். வெட்டிய இடத்தில் வெயில் படுகிறது; புல், புதர், இளம் தளிர் என்று பச்சை பொங்கி வருகிறது. அது மூஸுக்கும் வெள்ளைவால் மானுக்கும் விருந்து. அவை பெருகுகின்றன. அவை பெருகியதும் அவற்றைத் தின்னும் ஓநாயும் பெருகுகிறது. ஓநாய் வாழ்வது மூஸை வைத்து. வழியில் அகப்படும் கரிபுவையும் விடுவதில்லை. மூஸ் இரட்டைக் கன்று போட்டு இழப்பை ஈடுகட்டிவிடும், கரிபுவால் முடியாது. கரிபு கடைசி ஒன்றுவரை போனாலும் ஓநாய்க்குப் பசி வராது, ஏனென்றால் மூஸ் இருக்கிறது. இரை குறைந்தால் வேட்டை விலங்கும் குறையும் என்று பள்ளியில் படித்த சமநிலை இங்கே உடைந்துபோகிறது.

இது பாதிக் கதை. மீதி, கோடுகள். ஆல்பர்ட்டா மாகாணத்தை மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் காடு கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் மாதிரி இருக்கும். எண்ணெயும் எரிவாயுவும் தேட, பூமிக்குள் அதிர்வு அனுப்பிப் பார்க்க, மரத்தை வெட்டி நேர்கோடாகப் போட்ட பாதைகள் அவை. லட்சக்கணக்கான கிலோமீட்டர். அதோடு குழாய்ப் பாதை, மின்கம்பிப் பாதை, லாரிப் பாதை. ஓநாய்களுக்குக் கழுத்துப்பட்டைக் கருவி மாட்டிப் பார்த்ததில், இந்தக் கோடுகளில் அவை காட்டுக்குள் போவதைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாகப் போவது தெரிந்தது. யாரும் வரமாட்டார்கள் என்று தாய்க் கரிபு நம்பிப் போன சதுப்புக்குள் நாமே நெடுஞ்சாலை போட்டுக் கொடுத்திருக்கிறோம். ஓநாய் அதில் நடக்கிறது. ஓநாய்மேல் எனக்குக் கோபம் இல்லை.

காலநிலையும் சேர்ந்துகொள்கிறது. குளிர் குறையக் குறைய வெள்ளைவால் மான் வடக்கே ஏறுகிறது. அது சுமந்துவரும் ஒருவகை மூளைப்புழு அதற்கு ஒன்றும் செய்யாது, கரிபுவைக் கொன்றுவிடும். நடுக்குளிரில் மழை பெய்து உறைந்தால் லைக்கன்மேல் கண்ணாடி மூடியது போல ஆகி, குளம்பால் உடைக்க முடியாமல் போகிறது.

வெட்டின இடத்தில்தான் திரும்ப மரம் நடுகிறார்களே?

நடுகிறார்கள். நட்ட மரம் முதிர்ந்து லைக்கன் சேர்வதற்கு மனித ஆயுள் ஒன்று வேண்டும். அதற்குள் அந்த இளங்காடு மூஸ் காடு.

அந்தக் கோடுகள் தானாக மூடிக்கொள்ளாதா?

மேட்டு நிலத்தில் மெல்ல மூடும். சதுப்பில் மூடாது. ஐம்பது வருடத்துக்கு முன் வெட்டியது நேற்று வெட்டினது போல இருக்கும். காரணம் இதுதான்: இயற்கையான சதுப்பு மேடும் பள்ளமுமாக இருக்கும். மரக்கன்று முளைப்பது மேட்டில், வேர் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி. கனரக வண்டி போய் மேட்டையெல்லாம் நசுக்கித் தட்டையாக்கியதும், நீர்மட்டம் தரையோடு தரையாக வந்துவிடுகிறது. விதை விழுந்தாலும் முளை மூழ்கி அழுகும். போதாக்குறைக்குப் பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல் வண்டிக்காரர்கள் அதே கோட்டில் வருடாவருடம் ஓட்டுகிறார்கள்.

சரிசெய்ய முடியும். நடுக்குளிரில், சதுப்பு உறைந்து வண்டியைத் தாங்கும் சில வாரங்களில், மண்வாரி இயந்திரத்தைக் கொண்டுபோய் ஒரு வாளி பீட்டை அள்ளி, பக்கத்தில் கவிழ்த்து வைக்கிறார்கள். ஒரு குழி, ஒரு மேடு. அடுத்து ஒரு குழி, ஒரு மேடு. அந்த மேட்டில் பிறகு கறுப்பு ஸ்ப்ரூஸ் கன்று நடுகிறார்கள். ஓரத்து மரங்களைக் குறுக்கே சாய்த்துப் போட்டு ஓநாய்க்கும் வண்டிக்கும் வழி மறிக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் கிலோமீட்டருக்கு ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். லட்சக்கணக்கான கிலோமீட்டர் கோட்டை நினைத்துப் பார்த்தால், புதிதாக ஒன்றும் வெட்டாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் மலிவு.

காட்டுத்தீ இயற்கைதானே, அதற்கு என்ன செய்ய முடியும்?

இயற்கைதான். கரிபு தீயோடு பழகிய விலங்கு. ஓரிடம் எரிந்தால் இன்னோரிடம் போகும். போக இன்னோரிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2023-இல் கனடாவில் சுமார் 1.5 கோடி ஹெக்டேர் எரிந்தது. அப்படி எரியும் வருடங்கள் கூடிவரும்போது, எரியாமல் மிஞ்சியதையும் வெட்டக் கொடுத்தால் ஒதுங்க இடம் இருக்காது.

சட்டம் காப்பாற்றவில்லையா?

கனடாவின் அருகிவரும் உயிரினங்கள் சட்டம் 2002-இல் வந்தது. காட்டுக் கரிபு அதில் ஆபத்துக்குள்ளான இனமாகப் பட்டியலிடப்பட்டது. 2012-இல் மீட்புத் திட்டம் வெளியானது; அதில் 51 வாழிடப் பகுதிகள் வரையறுக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் குறைந்தது 65 சதவீதம் சேதப்படாத நிலம் இருக்க வேண்டும் என்பது அதன் மையமான எண். சேதம் என்றால் வெட்டிய இடம் மட்டும் அல்ல, அதைச் சுற்றி 500 மீட்டரும் சேரும்; கடந்த 40 வருடத்தில் எரிந்த இடமும் சேரும்.

இந்த 65-ஐ ஏதோ தாராளமான எண் என்று நினைக்க வேண்டாம். 65 சதவீதம் இருந்தால் ஒரு கூட்டம் தாக்குப்பிடிக்க 60 சதவீத வாய்ப்பு இருக்கிறது, அவ்வளவே. ஆல்பர்ட்டாவின் பெரும்பாலான பகுதிகள் அதற்கும் வெகு கீழே கிடக்கின்றன.

சிக்கல் எங்கே என்றால், காடும் சுரங்கமும் மாகாணங்களின் கையில். மத்திய அரசு தலையிடலாம் என்று சட்டம் சொல்கிறது. 2024-இல் கியூபெக்கின் மூன்று கூட்டங்களுக்காக அவசர ஆணை போடப்போவதாக அறிவித்ததும் மாகாண அரசும் மரத்தொழில் ஊர்களும் கொதித்தெழுந்தன. அந்தக் கோபத்தை நான் அலட்சியமாகச் சொல்லவில்லை. ஒரே ஒரு மரஆலையை நம்பி ஊரே நிற்கும் இடங்கள் அவை. ஆனால் அந்த மூன்றில் இரண்டு கூட்டங்கள், வல்-டோரும் சார்லவாவும், ஏற்கெனவே வேலிக்குள் அடைத்துக் காக்கப்படும் நிலைக்கு வந்துவிட்டன. அந்த ஊர்க்காரர்களிடம் இன்னும் பொறுங்கள் என்று சொல்லலாம், கரிபுவிடம் சொல்ல முடியாது.

ஒன்டாரியோவில் இருப்பவர்கள் கவனிக்க ஒன்று: 2025 ஜூனில் இந்த மாகாணம் நிறைவேற்றிய சட்டத்தில் விலங்குகளின் வாழிடம் என்பதற்கான வரையறை சுருக்கப்பட்டது. குகை, கூடு போன்ற தங்குமிடமும் அதை ஒட்டிய இடமும் என்று ஆகிவிட்டது. கரிபுவுக்குக் குகையும் இல்லை, கூடும் இல்லை. நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் முழுவதும் அதற்கு வீடு. இந்த வரையறையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஓநாய்களை ஹெலிகாப்டரிலிருந்து சுடுகிறார்களாமே, அது நியாயமா?

சுடுகிறார்கள். ஆல்பர்ட்டாவில் 2000-களின் நடுவிலிருந்து, பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2015-இலிருந்து. ஆல்பர்ட்டாவில் விஷமும் வைத்தார்கள்.

என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். விஷத்தை எந்தக் காரணம் சொன்னாலும் ஏற்க மாட்டேன். தின்றது ஓநாயா வேறு எதுவுமா என்று விஷத்துக்குத் தெரியாது, சாவும் கொடூரம். சுடுவதைப் பற்றி எனக்கு முன்பு இருந்த உறுதி இப்போது இல்லை. மேற்கு மலைக் கரிபுகளைப் பல ஆண்டுகள் கணக்கெடுத்தவர்களின் முடிவு தெளிவாக இருக்கிறது: ஓநாயைக் குறைத்த இடங்களில் கரிபு நிலைத்தது அல்லது கூடியது, எதுவும் செய்யாத இடங்களில் பல கூட்டங்கள் இல்லாமலே போயின. பத்தே மிஞ்சிய கூட்டத்துக்கு, மரம் வளரும்வரை ஐம்பது வருடம் காத்திருக்க நேரம் கிடையாது. ஆனால் ஒரு கையால் ஓநாயைச் சுட்டுக்கொண்டே மறு கையால் அதே மலையில் மரம் வெட்ட அனுமதி கொடுப்பதை என்னால் ஏற்கவே முடியாது. அப்படிச் செய்தால் சுடுவதற்கு முடிவே வராது. ஓநாயும் சாகும், கரிபுவும் சாகும்.

முற்றாக அழிந்துபோன இடங்கள் உண்டா?

உண்டு. பான்ஃப் தேசியப் பூங்காவின் கடைசிக் கரிபுகள் 2009-இல் பனிச்சரிவில் மாண்டன. ஜாஸ்பர் பூங்காவில் மலீன் கூட்டம் இனி இல்லை என்று 2020-இல் அறிவித்தார்கள். அங்கே எஞ்சிய கூட்டங்களுக்காக இப்போது ஒரு இனப்பெருக்க நிலையம் இயங்குகிறது.

என்னை அதிகம் உலுக்கியது தெற்கு செல்கர்க் கூட்டம். அலாஸ்காவை விட்டால், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் எல்லை தாண்டிப் போய்வந்த கடைசிக் கூட்டம் அது. 2018-இல் வானிலிருந்து எண்ணியபோது மூன்று இருந்தன. மூன்றுமே பெண். 2019 ஜனவரியில் மிஞ்சியிருந்த ஒற்றைப் பெண்ணைப் பிடித்து வடக்கே ரெவல்ஸ்டோக் அருகே ஒரு வேலிக்குள் கொண்டுபோய்விட்டார்கள். அந்த நாளோடு, அலாஸ்காவுக்குத் தெற்கே அமெரிக்காவில் காட்டில் வாழும் கரிபு இல்லை.

ஓநாய் இல்லாத தீவில் கொண்டுபோய் விட்டால் பிரச்சினை தீராதா?

செய்து பார்த்திருக்கிறார்கள். சுப்பீரியர் ஏரியில் மிச்சிபிக்கோட்டன் தீவில் 1980-களின் தொடக்கத்தில் ஒரு சிறு கூட்டத்தை விட்டார்கள். ஓநாய் இல்லாததால் அது நூற்றுக்கணக்கில் பெருகியது. 2014 குளிர்காலம் கடுமை. ஏரி கரையிலிருந்து தீவுவரை உறைந்தது. ஓநாய்கள் சில அந்தப் பனிக்கட்டியின் மேல் நடந்து வந்துவிட்டன. நான்கு வருடத்துக்குள் கூட்டம் ஏறக்குறைய முடிந்தது. அங்குள்ள மிச்சிபிக்கோட்டன் பழங்குடியினர் விடாமல் வற்புறுத்தியதால், 2018-இல் எஞ்சியவற்றில் சிலவற்றை ஹெலிகாப்டரில் தூக்கி ஸ்லேட் தீவுகளுக்கும் கரிபு தீவுக்கும் கொண்டுபோனார்கள். அதனால்தான் சுப்பீரியர் கரையில் இன்றும் கரிபு இருக்கிறது. தீவு அவசரத்துக்கு ஒதுங்குமிடம். எதிர்க் கரையில் காடு இல்லாவிட்டால் திரும்பிப் போக வீடு இல்லை.

நல்ல செய்தி ஏதாவது உண்டா?

உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடகிழக்கில், கிளின்சே-ஸா மலைகளில்.

அந்த வட்டாரத்துப் பெரியவர்கள், முன்பெல்லாம் கரிபு பூச்சிகள் மாதிரி நிலமெங்கும் நிறைந்திருந்தன என்று சொல்வார்கள். 1960-களின் இறுதியில் பீஸ் ஆற்றுக்குக் குறுக்கே பெரிய அணை வந்து, பின்னால் தேங்கிய நீர்த்தேக்கம் கரிபுவின் பாதையை மூழ்கடித்தது. அப்புறம் மரம், நிலக்கரி, எரிவாயு. அங்குள்ள வெஸ்ட் மோபர்லி பழங்குடி மக்கள் 1970-களில் தாங்களாகவே கரிபு வேட்டையை நிறுத்தினார்கள். அரசோடு இருந்த பழைய ஒப்பந்தப்படி வேட்டையாட அவர்களுக்கு உரிமை இருந்தது. உண்ணும் உணவும் அது, உடுத்தும் தோலும் அது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கதையும் அது. இருந்தும் நிறுத்தினார்கள். 2013-இல் அங்கே இருந்தவை 38 கரிபுகள்.

வெஸ்ட் மோபர்லியும் சோல்ட்டோவும் என்ற இரண்டு பழங்குடி மக்கள் சேர்ந்து 2014-இல் ஒரு வேலை தொடங்கினார்கள். குளிர்காலக் கடைசியில் சினைக் கரிபுகளைப் பிடித்து, கண்ணைக் கட்டி, மலை உச்சிக்குக் கிட்டே கட்டிய பெரிய அடைப்புக்குள் விடுவது. சுற்றிலும் கெட்டித் துணியால் உயரமான திரை, வெளியே மின்வேலி. உள்ளே இருப்பதற்கு வெளியே இருப்பது தெரியாது, வெளியே இருப்பதற்கு உள்ளே இருப்பது தெரியாது. கன்று பிறந்து கால் ஊன்றி ஓடும் வரை, கோடை நடுப்பகுதிவரை, ஊர்க்காரர்கள் முறைபோட்டு அங்கேயே தங்கிக் காவல் காத்தார்கள். தீனிக்கு லைக்கன் வேண்டுமே? பெரியவர்களும் பிள்ளைகளும் காட்டுக்குப் போய்ப் பிடிபிடியாகக் கையால் பறித்துச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார்கள். லைக்கனைப் பறித்துப் பார்த்தவர்களுக்குத்தான் ஒரு சாக்கு நிரப்புவது எவ்வளவு நேரம் என்று தெரியும்.

கூடவே அந்த வட்டாரத்தில் ஓநாய்களைக் குறைத்தார்கள். 2022-இல் கூட்டம் 110-ஐத் தாண்டியது. ஒன்பது வருடத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு.

அவர்கள் அதோடு நிற்கவில்லை. வேலிக்குள் பெற்று வெளியே விட, வெளியே நிலம் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்கள். 2020 பிப்ரவரியில் மத்திய அரசோடும் மாகாண அரசோடும் ஒப்பந்தம் ஆனது. பெருமளவு நிலத்தில் மரம் வெட்டுவதும் சுரங்கமும் நின்றன. 2024-இல் கிளின்சே-ஸா பூங்கா பல மடங்கு விரிவாக்கப்பட்டது. இந்த வேலையைப் பற்றி யாராவது கேட்டால், எண்களைச் சொல்வதற்கு முன்னால் அந்தச் சாக்குகளைப் பற்றித்தான் நான் சொல்வேன்.

பழங்குடியினர் வேட்டையாடுவதுதான் காரணம் என்கிறார்களே?

மேலே சொன்னதைப் படித்தபிறகும் அப்படிச் சொல்வது அநியாயம். வேட்டை கட்டுப்படுத்த வேண்டிய இடங்கள் உண்டு, குறிப்பாகத் துந்திரா மந்தைகளில். அங்கேயும் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்ட சமூகங்கள் பல. இன்று கரிபு மிஞ்சியிருக்கும் பெரிய நிலங்களின் பட்டியலைப் பாருங்கள். மானிட்டோபா, ஒன்டாரியோ எல்லையில் பிமாச்சியோவின் ஆக்கி, 29,040 சதுர கிலோமீட்டர் காடும் சதுப்பும். அனிஷினாபே மக்கள் பல வருடம் போராடி 2018-இல் யுனெஸ்கோ உலக மரபிடம் ஆக்கினார்கள். 'உயிர் தரும் நிலம்' என்று பொருள். வடமேற்குப் பிரதேசங்களில் எடேஹ்ஸியே, தைதேனே நேனே என்ற காப்பிடங்களும் டெனே மக்கள் முன்னின்று கொண்டுவந்தவை.

டொராண்டோவில் இருந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்?

உங்கள் தொகுதி மாகாண உறுப்பினரிடம் கரிபு என்ற பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வடக்கில் போடப்போகும் சாலை, சுரங்கம், காட்டு மேலாண்மைத் திட்டம் போன்ற பலவற்றுக்கும் பொதுமக்கள் கருத்துச் சொல்ல ஒரு கால அவகாசம் வைப்பார்கள். அதில் எழுதுங்கள், இரண்டு வரி போதும். ஹட்சன் விரிகுடாச் சமவெளியில் 'நெருப்பு வளையம்' என்று பெயரிட்ட கனிமப் பகுதிக்குச் சாலை போடும் பேச்சு இப்போது சூடாக இருக்கிறது. அங்கேயே பல பழங்குடியினர் ஆதரிக்கிறார்கள், பலர் எதிர்க்கிறார்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் போடக்கூடாது என்று சொல்ல நமக்கு வாய் உண்டு. நிலம் பறிபோவது என்றால் என்னவென்று நம்மில் பலருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் ஒன்று: டிஷ்யூ பேப்பர். வடக்குக் காட்டு மரக்கூழ் அதற்குப் போகிறது. மறுசுழற்சிக் காகிதத்தில் செய்ததை வாங்குங்கள். எத்தனை தலைமுறை வளர்ந்த மரம் ஒரு நிமிடத்தில் கழிவுநீரில் போவதைவிட அது நல்லது.

நேரில் பார்க்க முடியுமா?

கஷ்டம். சுப்பீரியர் ஏரியின் ஸ்லேட் தீவுகளுக்குக் கோடையில் படகில் போகிறவர்கள் சிலர் பார்க்கிறார்கள். நான் இதுவரை பார்த்தது காலடித் தடம் மட்டும்தான். ஏரிக்கரையில், ஈரப் பாசியில், இரண்டு பிறைநிலா எதிரெதிராக வைத்தது போல. பின்னால் சின்னதாக இரண்டு புள்ளி, பின்விரல் பதிந்தது. என் கை முழுதும் விரித்து வைத்தால் அளவு சரியாக இருந்தது. பக்கத்தில் அதே வடிவில் சிறியது ஒன்று, கன்றினுடையது. இரண்டிலும் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது.